சிறு மீன்பிடிப் படகில் ஆட்டம் காணாத இருக்கையை அமைப்பது எப்படி?

நோர்வூட் வலைக்காரன் கேட்டது:

அனைவருக்கும் வணக்கம். நானும் என் மைத்துனரும் இலங்கை மலையகத்தில் உள்ள காசல்ரீ நீர்த்தேக்கத்தில் மீன் பிடிக்கிறோம். மாலையில் வலையைப் போட்டுவிட்டு வந்து, மறுநாள் பனி விலகுவதற்கு முன்பே போய் இழுப்பது எங்கள் வழக்கம். எங்களுடையது 15 அடி நீளமான பழைய பைபர் படகு. நடுவில் 4 அடி அகலமும், உள்ளே 18 அங்குல ஆழமும் இருக்கும். எஞ்சின் கிடையாது, துடுப்புத்தான்.

படகில் மூன்று குறுக்குப் பலகைகள் இருந்தன. பின்புறத்தில் இருப்பது பைபராலேயே வார்க்கப்பட்டது என்பதால் அதற்குக் குறையில்லை. மற்ற இரண்டும் மரப்பலகைகள். பக்கச் சுவரில் ஒட்டியிருந்த சிறு கட்டைகளின் மேல் வைத்து ஸ்குரூ ஆணியால் முடுக்கப்பட்டிருந்தன. சென்ற மாதம் எதிர்க்காற்றில் மைத்துனர் துடுப்பு வலித்துக்கொண்டிருந்தபோது நடுப்பலகை ஒரு பக்கத்தில் கட்டையோடு பிடுங்கிக்கொண்டு வந்துவிட்டது. அவர் மல்லாந்து விழுந்து விலாவில் அடிபட்டு, இரண்டு வாரம் வேலைக்கு வரவில்லை. கழற்றிப் பார்த்தால் ஸ்குரூ இருந்த இடமெல்லாம் மரம் ஊறி மாவாகியிருந்தது.

இப்போது இருக்கைகளை முழுவதுமாக மாற்ற நினைக்கிறோம். ஒருவர், பிளாஸ்டிக் கதிரையின் காலை வெட்டிவிட்டுப் பலகையில் பூட்டினால் முதுகுக்குச் சாய்மானமும் கிடைக்கும் என்கிறார். வெல்டிங் பட்டறையில் கேட்டால், இரும்புச் சட்டம் அடித்து அதைப் படகின் அடித்தளத்தில் துளையிட்டுப் போல்ட் போட்டுத் தருவதாகச் சொல்கிறார்கள். அடித்தளத்தில் துளையிடுவதை நினைத்தால் எனக்கு நெஞ்சு பதறுகிறது. எனக்கும் முதுகுவலி உண்டு என்பதால் சாய்மானம் என்ற பேச்சு ஆசை காட்டுகிறது என்பதையும் மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். அனுபவமுள்ளவர்கள் வழி சொல்லுங்கள்.

டிக்கோயா பைபர் பட்டறை எழுதியது:

வணக்கம் தம்பி. நான் திருகோணமலையில் படகு கட்டும் இடத்தில் வேலை பழகியவன்; இப்போது இங்கே தண்ணீர்த் தாங்கி, முச்சக்கரவண்டிப் பாகம் என்று கிடைக்கிற பைபர் வேலையையெல்லாம் செய்கிறேன். உங்கள் நெஞ்சு பதறியது சரிதான். அடித்தளத்தில் ஒரு துளைகூட இடாதீர்கள். ஆனால் அதற்கு முன்னால் ஒன்றைப் புரிந்துகொள்ள வேண்டும்.

படகின் நடுப்பலகை உட்காருவதற்கு மட்டும் வைத்ததன்று. இரண்டு பக்கச் சுவர்களையும் அகலவோ நெருங்கவோ விடாமல் பிடித்திருப்பது அதுதான். வீட்டுக் கூரைக்கு விட்டம் எப்படியோ, மூடுதளம் இல்லாத படகுக்குக் குறுக்குப் பலகை அப்படி. அதைக் கழற்றிவிட்டு நாலு கால் உள்ள இரும்புச் சட்டத்தை அடித்தளத்தில் நிறுத்தினால், உட்காருபவருக்கு இடம் கிடைக்கும், ஆனால் பக்கச் சுவர்கள் பிடியில்லாமல் ஒவ்வொரு அலைக்கும் விரிந்து சுருங்கும். சில மாதங்களில் மேல்விளிம்பிலும் அடிவளைவிலும் மயிரிழை போன்ற வெடிப்புகள் தெரியத் தொடங்கும். போதாததற்கு, உட்கார்ந்திருப்பவரின் பாரம் முழுவதும் நாலு சிறு கால்களின் வழியாக, ஏற்கெனவே மெலிந்த அடித்தளத்தில் நாலு புள்ளிகளில் இறங்கும். ஆகவே பலகை பக்கத்திலிருந்து பக்கம் வரை போக வேண்டும், பக்கச் சுவர்களே அதைத் தாங்க வேண்டும்.

உங்கள் பழைய பலகை பிடுங்கியதற்குக் காரணம் ஸ்குரூ மட்டுமன்று, கட்டையை ஒட்டிய முறையும்தான். பெயின்ட் பூசிய பரப்பின் மேலோ, பளபளப்பான மேற்பூச்சின் மேலோ ரெசினை (பைபர் ஒட்டும் பிசினை) ஊற்றினால் அது தோல் போலப் படியுமே தவிரப் பிடிக்காது. புதிய கட்டை வைக்கும் இடத்தைச் சுற்றி மூன்று அங்குலம் வரை, 40 ஆம் இலக்க மணல்தாள் போட்ட கிரைண்டரால் தேய்த்து, பூச்சு போய்க் கண்ணாடி இழை கண்ணுக்குத் தெரிய வேண்டும். தூசியைத் துடைத்து, அசிட்டோன் தொட்ட துணியால் ஒருமுறை துடைத்து, நன்றாகக் காயவிடுங்கள். இரண்டு அங்குலத்துக்கு இரண்டு அங்குலக் கட்டையை, பலகையின் அகலத்தைவிட ஓரிரு அங்குலம் நீளமாக வெட்டி, அதன் முனைகளையும் கூரான விளிம்புகளையும் உருட்டிச் சீவுங்கள். பைபர் மெட் (கண்ணாடி இழைப் பாய்) கூரான மூலையில் படியாது, அடியில் காற்று நிற்கும். ரெசினில் டால்கம் பவுடர் கலந்து பட்டி போலாக்கிக் கட்டையை அதில் பதித்து, மூலைகளையும் அதே பட்டியால் குழிவாக வழித்துவிட்டு, சதுர மீற்றருக்கு 450 கிராம் எடையுள்ள மெட்டை மூன்று படைகளாக, ஒவ்வொன்றும் முந்தியதைவிட ஓர் அங்குலம் கூடுதலாகப் பரவும்படி போடுங்கள். கட்டை முழுவதும் பைபருக்குள் மூடப்பட்டுவிடும். பிறகு அது சுவரின் ஒரு பகுதிதான்.

கரையோரத்தில் பழகிய எனக்கு இங்கே வந்த முதல் ஆண்டில் புரியாமல் போன ஒன்றையும் சொல்ல வேண்டும். காசல்ரீ கடல் மட்டத்திலிருந்து 1,000 மீற்றருக்கு மேலே இருக்கிறது. திருகோணமலை வெயிலில் அரை மணி நேரத்தில் இறுகும் ரெசின், இங்கே தை மாதக் குளிரில் மாலை வரை தேன் போல நிற்கும். வெப்பம் 15 பாகைக்குக் கீழே போனால் அது ஒழுங்காக இறுகாது. இறுகியது போலத் தோன்றினாலும் உள்ளே பலம் இருக்காது. அதற்காக, ரெசினை இறுக வைக்கும் ஹார்ட்னரை அள்ளி ஊற்றுவது பெரிய தவறு. 100 கிராம் ரெசினுக்கு ஒன்று முதல் இரண்டு கிராம் வரைதான் அளவு. கூட்டினால் சூடேறி நொறுங்கும் தன்மை வந்துவிடும். மழையில்லாத நாளில் காலை பத்து மணிக்குத் தொடங்கி இரண்டு மணிக்குள் வேலையை முடித்து, மேலே தார்ப்பாய் கட்டி மூடிவிடுங்கள். உள்ளே சூடேற்ற நெருப்பு வைக்கக் கூடாது. ரெசினிலிருந்து எழும் ஆவி தீப்பற்றும்.

இன்னொன்று. கடையில் ரெசின், ஹார்ட்னர், இறுகுவதை விரைவாக்கும் ஊதா நிறக் கோபால்ட் என்று மூன்றாகத் தந்தால், கோபால்ட்டை முதலில் ரெசினில் கலந்து, அதன் பிறகே ஹார்ட்னரைச் சேர்க்க வேண்டும். கோபால்ட்டும் ஹார்ட்னரும் நேரடியாகச் சேர்ந்தால் வெடித்துத் தீப்பிடிக்கும். ஹார்ட்னர் கண்ணில் பட்டால் பார்வை போகும் என்பதால், ஐந்து நிமிட வேலையானாலும் கண்ணாடி போட்டுக்கொள்ளுங்கள்.

கொத்மலைக் கரையோன் எழுதியது:

மேலே எழுதிய அண்ணன் சொன்னதில் எனக்கு மறுப்பில்லை. நான் தச்சனுமில்லை, பைபர் வேலையும் தெரியாது. கொத்மலையில் வலை இழுப்பவன். உட்காருபவன் என்ற முறையில் சில வார்த்தைகள்.

கதிரை யோசனையை அடியோடு விட்டுவிடுங்கள். கதிரையில் உட்கார்ந்தவரின் இடுப்பு, பலகையில் உட்கார்ந்தவரின் இடுப்பைவிட ஆறேழு அங்குலமாவது உயரத்தில் இருக்கும். பெரிய படகில் அது ஒன்றுமில்லை. 4 அடி அகலப் படகில், ஒருவர் பக்கவாட்டில் குனிந்து மீனோடு வலையைத் தூக்கும் நேரத்தில், அந்த ஆறு அங்குலம்தான் படகு கவிழ்வதற்கும் கவிழாமல் நிற்பதற்கும் நடுவில் இருக்கிறது. எங்கள் பக்கத்தில் ஒருவர் சுழலும் அலுவலகக் கதிரை ஒன்றைப் பூட்டி, இரண்டு நாள் ராஜா போல உட்கார்ந்திருந்தார். மூன்றாம் நாள் ராஜாவையும் கதிரையையும் தனித்தனியாகத்தான் கரையேற்றினோம்.

அடுத்தது, வலை. தூண்டில்காரனுக்கு இருக்கையில் என்ன நீட்டிக்கொண்டிருந்தாலும் கவலையில்லை. நமக்கோ ஒரு போல்ட் தலை, ஒரு நட் முனை, ஓர் ஆணிக் கொண்டை போதும், வலைக்கண் மாட்டிக்கொள்ளும். இருட்டில், குளிரில் விறைத்த விரலால் அதை விடுவிக்கும்போது வலை கிழியும். எனவே அறுகோணத் தலை போல்ட் வேண்டாம். தலை குமிழ் போல வழுவழுப்பாகவும், கழுத்து சதுரமாகவும் இருக்கும் போல்ட்டைக் கேட்டு வாங்குங்கள். படலைக்கும் லொறிப் பலகைக்கும் போடுவது அதுதான். சதுரக் கழுத்து மரத்துக்குள் இறங்கிவிட்டால் மேலே பிடித்துக்கொள்ளாமலேயே கீழே நட்டை முடுக்கலாம். அடியில் மூடிய குமிழ் நட் போட்டால் காலிலும் கீறாது. பலகையின் நான்கு விளிம்புகளையும் உருட்டித் தேய்த்துவிடுங்கள்.

சாய்மானத்தைப் பற்றி ஒரு வார்த்தை: துடுப்பு வலிக்கும்போது முதுகு பின்னே போய் முன்னே வர வேண்டும். சாய்மானம் அதற்கு இடைஞ்சல்.

மஸ்கெலியா தச்சன் எழுதியது:

மரத்தைப் பற்றி யாரும் பேசவில்லையே என்று எழுதுகிறேன்.

மலையகத்தில் மலிவாகக் கிடைக்கிறது என்று தேயிலைத் தோட்டத்துச் சவுக்கை (சில்வர் ஓக் மரத்தை) வாங்கிவிடாதீர்கள். தளபாடத்துக்கு அது அழகான மரம்; நனைந்து காய்ந்து நனையும் இடத்தில் சீக்கிரம் உளுத்துப்போகும். உங்கள் பழைய பலகை அதுவாகத்தான் இருந்திருக்க வேண்டும். தேக்குக்குக் காசிருந்தால் தேக்கு; இல்லாவிட்டால் பலாவின் வைரம் பாய்ந்த மஞ்சள் பகுதி போதும், வெளிறிய ஓரத்தைச் சீவித் தள்ளிவிடுங்கள். 12 அங்குல அகலத்துக்கு ஒரே பலகையைப் போட்டால் வெயிலில் கிண்ணம் போல வளையும். ஒன்றேகால் அங்குலத் தடிப்பில், ஆறு அங்குலத்துக்குச் சற்றுக் குறைவான இரண்டு பலகைகளை, நடுவில் தண்ணீர் வடிய அரை அங்குலம் விட்டு வையுங்கள். பாரத்தை இரண்டும் பகிர்ந்துகொள்வதற்காக, நடுவில் அடியில் ஒரு குறுக்குச் சட்டம் போட்டு இரண்டையும் இணைத்துவிடுங்கள்.

மரம் அழுகத் தொடங்குவது வெட்டுமுனையிலும் போல்ட் துளையிலும்தான், பலகையின் முகத்தில் அன்று. துளையிட்ட பிறகு, பூட்டுவதற்கு முன், முனைகளுக்கும் துளைகளின் உட்புறத்துக்கும் இரண்டு மூன்று முறை பெயின்ட்டோ ரெசினோ ஊட்டுங்கள். எங்கள் மவுசாக்கலை நீர்த்தேக்கத்தில் தண்ணீர் வற்றும் காலத்தில் மூழ்கிய பழைய மஸ்கெலியாவின் கோயிலும் சுவர்களும் வெளியே வரும். வெளியே வருவதற்குச் சில நாட்களுக்கு முன் அவை தண்ணீருக்கு ஓர் அடி கீழே இருக்கும், அப்போதுதான் படகின் அடி உரசும். காசல்ரீயிலும் வற்றும்போது அடிக்கட்டையும் கல்லும் இருக்குமே. அந்த அடித்தளத்தில் துளை போடச் சொன்னவர் படகில் ஏறாதவராகத்தான் இருப்பார்.

நோர்வூட் வலைக்காரன் எழுதியது:

மூவருக்கும் மிக்க நன்றி. கதிரையும் இரும்புச் சட்டமும் கைவிடப்பட்டன. மைத்துனருக்குக் கதிரை போனதில் கொஞ்சம் வருத்தம்தான். இன்னும் மூன்று சந்தேகங்கள். பலகையை எந்த உயரத்தில் வைக்க வேண்டும்? போல்ட்டுக்குச் சாதாரண இரும்பு போதுமா, ஸ்டெயின்லஸ்தான் வேண்டுமா? மூன்றாவதாக, படகு தண்ணீர் நிறைந்தாலும் மூழ்காமல் இருப்பதற்கு, இருக்கையின் அடியில் ரெஜிபோம் (தெர்மோகோல்) துண்டுகளை அடைத்து மேலே பைபர் போட்டு மூடிவிடலாமா? முதுகுக்கு மட்டும் ஏதாவது ஒரு வழி இருந்தால் அதையும் சொல்லுங்கள், விடமாட்டேன் போலிருக்கிறது.

டிக்கோயா பைபர் பட்டறை எழுதியது:

உயரத்தை அடித்தளத்திலிருந்து அளக்காமல், துடுப்பு மாட்டும் முளையிலிருந்து கீழே அளந்து வாருங்கள். பலகையின் மேற்பரப்பு முளைக்கு ஏழெட்டு அங்குலம் கீழே இருந்தால், துடுப்பின் கைப்பிடி தொடையில் இடிக்காமலும் தோளுக்கு மேலே ஏறாமலும் வரும். முளை உங்கள் படகின் மேல்விளிம்பில்தான் இருக்கும் என்பதால், 18 அங்குல ஆழத்தில் பலகை அடியிலிருந்து பத்துப் பதினொரு அங்குலத்தில் அமையும். பாரம் தாழ்வாகவே நிற்கும். வலிப்பவர் பின்புறத்தைப் பார்த்துத்தானே உட்காருகிறார். அவருக்கு முன்னால் பலகையின் விளிம்பிலிருந்து முளை வரை ஏறத்தாழ 12 அங்குலம் வேண்டும். பழைய பலகை இருந்த அதே இடத்தில் புதியதை வைக்கும் முன் இதை ஒருமுறை அளந்து பாருங்கள். கட்டையை ஒட்டிய பிறகு நகர்த்த முடியாது.

முதுகுவலிக்கான விடை பலகையில் இல்லை, காலடியில் இருக்கிறது. வலிக்கும்போது காலை உதைக்க ஒரு பிடி இல்லாவிட்டால், துடுப்பின் எதிர்விசை முழுவதையும் இடுப்பும் முதுகும் வாங்கிக்கொள்ளும். குதிகால் முட்டும் தூரத்தில் குறுக்கே ஒரு கட்டையை, முன்பு சொன்ன அதே முறையில், துளையில்லாமல் பைபரால் மூடி ஒட்டிவிடுங்கள். நீங்களும் மைத்துனரும் உயரத்தில் வேறுபட்டால், நாலு அங்குல இடைவெளியில் இரண்டு கட்டைகள்.

அப்படியும் சாய்மானம்தான் வேண்டுமென்றால், கணக்கைப் பாருங்கள். பலகைக்கு மேலே 18 அங்குலத்தில் நீங்கள் 20 கிலோ விசையோடு சாய்கிறீர்கள் என்று வைத்துக்கொள்வோம். முன்வரிசைப் போல்ட்டுக்கும் பின்வரிசைப் போல்ட்டுக்கும் இடையே 9 அங்குலம் இருந்தால், ஒரு வரிசை 40 கிலோ விசையோடு மேலே இழுக்கப்படும். இது ஒருமுறை அன்று, ஒவ்வொரு துடுப்பு வீச்சுக்கும். உங்கள் பழைய பலகை பிடுங்கியதே எதிர்க்காற்றில் வலித்தபோதுதான் என்பதை நினைத்துப் பாருங்கள்.

போல்ட்: நம்முடையது நன்னீர். கடலுக்குப் போடும் 316 தர ஸ்டெயின்லஸுக்குக் காசு கொடுக்கத் தேவையில்லை. 304 தாராளமாகப் போதும். நாகமுலாம் பூசிய இரும்பும் சில ஆண்டுகள் நிற்கும். 8 மில்லிமீற்றர்ப் போல்ட், ஒரு பலகைக்கு ஒவ்வொரு முனையிலும் இரண்டு, அடியில் அகலமான வாசர். போல்ட் பலகையையும் தாங்கு கட்டையையும் மேலிருந்து கீழாக ஊடுருவட்டும். பக்கச் சுவரைத் தொடக் கூடாது.

ரெஜிபோமின் மேல் நேராகப் பைபர் போடாதீர்கள். நாம் வாங்கும் சாதாரண ரெசின் பட்டதும் ரெஜிபோம் சர்க்கரை போலக் கரைந்து, பெட்டிக்குள் வெறும் குழிதான் மிஞ்சும். அதைவிட எளிய வழி உங்கள் கையிலேயே இருக்கிறது: வெறும் குடிநீர்ப் போத்தல்கள். மூடியை இறுக்கிய ஒரு லீற்றர்ப் போத்தல் தண்ணீருக்கடியில் ஏறத்தாழ ஒரு கிலோவைத் தூக்கும். பைபர் தண்ணீரைவிட ஒன்றரை மடங்கு கனம் என்பதால், உங்கள் படகு 90 கிலோ என்று வைத்துக்கொண்டால், நிரம்பி மூழ்கும்போது அதைத் தாங்க 30 கிலோ தூக்குவிசை போதும். தண்ணீரில் நின்றபடி விளிம்பைப் பிடித்துக்கொண்டிருக்கும் இருவருக்காக இன்னும் 30. இரண்டு பலகைகளுக்கும் அடியில், பலகைக்கு 30 போத்தல் வீதம், பழைய வலைத்துண்டில் கட்டி, நடுவில் குவிக்காமல் இரு பக்கச் சுவர்களையும் ஒட்டி இறுக்கிவிடுங்கள். நிரம்பிய படகு உருளாமல் இருப்பதற்கு அதுவே நல்லது. வலையைப் பலகையிலும் தாங்கு கட்டையிலும் நன்றாக முடிந்துவிடுங்கள், இல்லாவிட்டால் தேவைப்படும் நேரத்தில் போத்தல் மிதக்கும், படகு மிதக்காது. இதெல்லாம் உயிர்காப்பு அங்கிக்கு மாற்று ஆகாது. விடியற்காலை காசல்ரீத் தண்ணீரின் குளிர் உங்களுக்கே தெரியும்.

நோர்வூட் வலைக்காரன் எழுதியது:

ஆறு வாரம் கழித்து எழுதுகிறேன். வேலை முடிந்துவிட்டது.

பலா மரம்தான் வாங்கினோம். பழைய நடுப்பலகையின் இடத்தை அளந்தபோது முளைக்கு ஆறு அங்குலத் தூரமே இருந்தது தெரியவந்தது. இத்தனை ஆண்டுகளாக வயிற்றில் இடித்துக்கொண்டு வலித்திருக்கிறோம், படகின் குணமே அப்படி என்று நினைத்துக்கொண்டு. புதிய பலகையை ஆறு அங்குலம் அணியத்தின் (படகின் முன்புறத்தின்) பக்கம் தள்ளினோம்.

ஒரு தவறும் நடந்தது. வலது பக்கக் கட்டைகளை நல்ல வெயிலில் ஒட்டினோம், கல்லாகிவிட்டன. இடது பக்கத்தைத் தொடங்கும்போது மூன்று மணியாகிவிட்டது, நாலு மணிக்கெல்லாம் பனி இறங்கிவிட்டது. மறுநாள் தொட்டால் பிசுபிசுவென்று இருந்தது. மேற்பரப்பு மட்டும் சற்று ஒட்டுவது அந்த வகை ரெசினுக்கு இயல்பு என்று டிக்கோயா அண்ணன் தொலைபேசியில் சொன்னார். ஆனால் நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்ததால், முழுவதையும் கத்தியால் உரித்தெடுத்து, தேய்த்து, இரண்டு நாள் கழித்துக் காலையில் மறுபடியும் போட்டோம். ஒரு கிலோ ரெசின் வீணானது. இரண்டு பக்கமும் இறுகிய பிறகு, தண்ணீரில் இறக்கும் முன், நானும் மைத்துனரும் நடுப்பலகையில் ஏறி நின்று மிதித்துப் பார்த்தோம், அசையவில்லை.

காலடிக் கட்டை இரண்டு போட்டிருக்கிறோம். என் முதுகுவலி முழுவதுமாகப் போய்விட்டது என்று சொல்ல மாட்டேன். அணைப்பக்கம் வரை போய்த் திரும்பிய நாளிலும் இரவில் தைலம் தேடவில்லை. போத்தல்களைக் கட்டிய வலையில் இதுவரை இரண்டு முறை என் செருப்பு மாட்டியது, அதை இன்னும் இழுத்துக் கட்ட வேண்டும். மைத்துனர் தன் பங்குக்கு முன்பலகையின் மேல் பழைய லொறி டியூபை மடித்து மெத்தை போலக் கட்டிக்கொண்டிருக்கிறார். வலை அதில் மாட்டவில்லை என்பதால் நான் ஒன்றும் சொல்லவில்லை.